வாடகை மிச்சம் என்று நினைத்தோம்



இந்த மாதம் மட்டும் நான்கு பேர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், நியூசிலாந்தில நீங்க வேனுக்குள்ளதானே இருந்தீங்க? வாடகை மிச்சம் என்ன?" அதில் ஒரு தம்பி எங்களிடம் படித்தவர். உம்மாவின் வளவை விற்றுவிட்டுப் போய், அங்கே ஒரு மோட்டர் ஹோம் வாங்கி இருந்தால் சம்பளம் முழுக்க மிஞ்சும் என்று யூடியூப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அவருடைய உம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார். அதனால்தான் எங்கள் கணக்கை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம்.

2022 இல் நாடு இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியும். அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் 5 வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று அப்போதுதான் சுற்றறிக்கை வந்தது. எங்கள் வீட்டுக்காரர் சமையல் வேலை தெரிந்தவர். குயின்ஸ்டவுனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை கிடைத்து முதலில் அவர் போனார். 2023 தொடக்கத்தில் மகனோடு நாங்களும் போய்ச் சேர்ந்தோம். பாடசாலையில் 'டீச்சர்' என்று கேட்டுப் பழகிய கை, அங்கே ஹோட்டல் அறைகளில் கட்டில் விரித்தது. அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை. ஹலாலான காசு.

குயின்ஸ்டவுன் மலையும் வாவியும் சூழ்ந்த உல்லாசப் பயணிகளின் ஊர். வீடுகள் பயணிகளுக்கே போய்விடுகின்றன, வேலை செய்கிறவனுக்கு வீடு கிடைப்பதில்லை. ஒரு அறையும் குட்டிக் குசினியும் கிழமைக்கு 560 டொலர். மின்சாரத்துக்கு இன்னும் 40. அப்போது ஒரு நியூசிலாந்து டொலர் 190 ரூபா அளவில் இருந்தது. மாத வாடகையை ரூபாவில் பெருக்கிப் பார்த்த இரவுகளில் நித்திரை வரவில்லை.

அப்போதுதான் மோட்டர் ஹோம் யோசனை வந்தது. சின்ன லொறி ஒன்றின் முதுகில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கழிப்பறை எல்லாம் கட்டிய வண்டி. கிப்ஸ்டன் என்கிற திராட்சைத் தோட்டப் பக்கம், ஒரு வயதான அம்மா தன் காணியில் நிறுத்த இடம் தந்தார். மின்சாரம் சேர்த்துக் கிழமைக்கு 220 டொலர். 600 எங்கே, 220 எங்கே! கிழமைக்கு 380 மிச்சம் என்று குதித்தோம். நாங்கள் விட்ட முதல் பிழை அதுதான். இட வாடகையை வீட்டு வாடகையோடு ஒப்பிட்டோம், வாழ்க்கைச் செலவை ஒப்பிடவில்லை.

வண்டியின் விலை 28,000 டொலர். 20 வருடப் பழசு. வட்டிக்கு எடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். கையில் இருந்தது 12,000. மச்சான் ஒருவர் 6,500 கடனாகத் தந்தார். மிச்சத்துக்கு ஊரில் இருந்த 12 பவுன் நகையை விற்றோம். பவுன் 1.5 இலட்சம் அளவில் போனது. அந்த நகையில் எங்கள் மஹரும் இருந்தது.

2023 செப்டம்பரில் ஏறினோம். 2024 நவம்பரில் இறங்கினோம். 61 கிழமைகள். கொப்பியில் எழுதி வைத்ததால் சராசரியைச் சரியாகவே சொல்லலாம். ஒரு கிழமைக்கு, டொலரில்:

இடமும் மின்சாரமும் – 220
சமையலுக்கும் சூட்டுக்கும் காஸ் – 25
வண்டிக்குக் காப்புறுதி – 17
அனுமதிப்பத்திரம், தகுதிச் சான்று, வீதிக் கட்டணம் – 12
திருத்த வேலை – 64
காசு போட்டு உடுப்புக் கழுவும் இடம் – 18
சின்னக் காருக்குப் பெற்றோல் – 55
அந்தக் காரின் காப்புறுதி, அனுமதி – 20

மொத்தம் 431.

"சின்னக் கார் எங்கே இருந்து வந்தது?" என்று கேட்பீர்கள். மோட்டர் ஹோமின் பெரிய பகிடியே அதுதான். ஓடுகிற வீட்டை ஓட்ட முடியாது. வேலைக்குப் போக வேண்டுமானால் தினமும் காலையில் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, மின்கம்பியைச் சுற்றி, அலுமாரியைப் பூட்டி, கோப்பைகளைக் கட்டிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். மேலதிகமாக, அந்த நாட்டில் அப்போது இலேசான டீசல் வண்டி 1,000 கிலோமீற்றர் ஓட முன்கூட்டியே 76 டொலர் வீதிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது மாதமே 5,500 டொலருக்கு ஒரு பழைய கார் வாங்கினோம்.

திருத்த வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்கூரை ஒழுகினால் வீட்டுச் சொந்தக்காரன் பார்ப்பான். இங்கே சொந்தக்காரர் நாங்களே. கூரை ஓரத்தால் தண்ணீர் இறங்கி உள்ளே இருந்த மரச்சட்டம் உக்கிவிட்டது. பற்றரி, சுடுதண்ணீர்ப் பெட்டி, டயர் என்று 61 கிழமையில் 3,900 டொலர் போனது.

கடைசியில் விற்கும்போது மோட்டர் ஹோமுக்கு 21,000தான் கிடைத்தது. 7,000 நட்டம். கிழமைக்குப் பிரித்தால் 115. காரில் 1,700 நட்டம், அது கிழமைக்கு 28. எல்லாம் கூட்டினால் 574. வாடகை வீட்டிலேயே இருந்திருந்தால் 600. கிழமைக்கு 26 டொலர்தான் மிச்சம்! 61 கிழமைக்கும் கூட்டினால் ஏறக்குறைய 1,600 டொலர், நம் காசில் 3 இலட்சம்.

அந்த 3 இலட்சமும் கையில் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது பவுன் 1.9 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. விற்ற 12 பவுனைத் திருப்பி வாங்க, விற்ற விலைக்கு மேலே இன்னும் 4.8 இலட்சம் வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கப் போன நாங்கள் நட்டத்தில் நிற்கிறோம்.

காசுக் கணக்கு அவ்வளவுதான். கொப்பியில் எழுத முடியாத கணக்கும் ஒன்று இருக்கிறது.

குளிர்காலத்தில் அங்கே இரவில் தண்ணீர் உறையும். தூங்கமுன் கேத்தலை நிரப்பி வைக்காவிட்டால் சுபஹுக்கு வுழூ செய்யத் தண்ணீர் இல்லை. எங்கள் தாங்கி 90 லீற்றர், மூன்று பேருக்கு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில், அதாவது முக்கால் லீற்றர் அளவில், வுழூ செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுத்திருக்கிறோம். அது எவ்வளவு என்று எங்கள் கைக்கு அங்கேதான் விளங்கியது. ஹீற்றரையும் கேத்தலையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் விழுந்துவிடும். காஸ் எரிந்தால் சூட்டோடு நீராவியும் வரும். நோன்புக்குக் கஞ்சி காய்ச்சினால் சுவரெல்லாம் வியர்க்கும். கண்ணாடியைத் திறந்தால் குளிர், மூடினால் பூஞ்சணம். காஸ் அடுப்பு எரிய மூடியே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. மகனுக்கு இருமல் இரண்டு மாதம் விடவில்லை. மூன்று நாளைக்கு ஒரு முறை கழிப்பறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது வீட்டுக்காரரின் வேலை. பகல் முழுக்க மற்றவர்களுக்குச் சமைத்துவிட்டு வந்து அதைச் செய்வார். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

2024 ஜூலையில் ஊரில் வாப்பா மௌத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். டிக்கட் எடுத்து வந்து சேர மூன்று நாளாகும். ஜனாஸா அன்றே அடக்கம். ஃபோனில்தான் பார்த்தோம்.

செய்தி கேட்டு அன்று இரவே ஆட்கள் வந்தார்கள். இலங்கையர், இந்தோனேசியர், வங்காளதேசத்தவர் என்று 15 பேருக்கு மேல். அவ்வளவு தூரம் குளிரில் வந்தவர்களை "உள்ளே வாங்க" என்று சொல்ல எங்களிடம் இடமில்லை. உள்ளே நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் நிற்க வேண்டும். மற்றவர்கள் புல்லுத் தரையில், இருட்டில், கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் ஒரு மௌத்து வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதிரை யார் கொண்டு வந்தது, சோறு யார் ஆக்கியது என்று கூடத் தெரியாது. எல்லாம் நடந்திருக்கும்.

காணிக்கார அம்மா வெளிச்சத்தைப் பார்த்து வந்து விசயத்தைக் கேட்டார். ஒன்றும் பேசாமல் போய் ட்ராக்டரை வெளியே எடுத்துவிட்டுக் கொட்டகையைத் திறந்துவிட்டார். வீட்டிலிருந்து ஹீற்றரும் தேத்தண்ணியும் கொண்டு வந்தார். அங்கே இருந்துதான் யாசீன் ஓதினோம். அவருக்கு அல்லாஹ் நல்லதைக் கொடுக்கட்டும்.

வீடு என்றால் நாங்கள் தூங்குகிற இடம் என்றுதான் அதுவரை கணக்குப் போட்டிருந்தோம். வருகிறவர்கள் இருப்பதற்கும் அதுதான் இடம் என்று அன்றைக்கு விளங்கியது. அந்த வசனத்துக்கு எந்தக் கொப்பியிலும் நிரல் இல்லை. நான்கு மாதத்தில் வண்டியை விற்றோம்.

இதைப் படித்துவிட்டு மோட்டர் ஹோமே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வூதியம் வரும், கடன் இல்லை, வண்டி வேலை தெரியும், வேலைக்குத் தினமும் போகத் தேவையில்லை என்றால் அது நல்ல வாழ்க்கையாக இருக்கலாம். அப்படிச் சந்தோசமாக இருந்த ஆட்களையும் கண்டோம். ஆனால் விசாவும் தொழிலாளி வேலையும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் உள்ள குடும்பத்துக்கு அது மலிவு இல்லை.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, போவதென்றால் போங்கள். உழைப்பதில் தப்பில்லை. ஆனால் கணக்குப் போடும்போது விற்கிற விலையையும் சேர்த்துப் போடுங்கள். திருத்த வேலைக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள். இரண்டாவது வாகனத்தை மறக்காதீர்கள். நகையையோ காணியையோ விற்றால், திரும்பி வரும்போது அது என்ன விலையில் நிற்கும் என்று யோசியுங்கள். வீடியோ போடுகிறவருக்கு அந்த வீடியோவாலும் வருமானம் வரலாம். உங்களுக்கு வராது.

வளவை விற்க நினைக்கிற தம்பிக்கு: மஃரிபுக்குப் பிறகு வாங்க, உம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. உங்கள் கணக்கையும் கொண்டு வாருங்கள், பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

இது வரை 3 பவுன் திருப்பி வாங்கியிருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள்.