கீழே வராத குழாய்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, தலைசுற்றலோடு வண்டியிலிருந்து இறங்கியபோது, விடுதிப் புல்வெளியில் ஒருவர் மெல்லிய அலுமினியக் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கூடாரம் அடிக்கிற குழாய்.

"இதைத் தரையில வைக்கச் சொல்வேன். வைக்க முடியாது, பாருங்க சார்."

கம்பெனி ஊழியர்களுக்குக் குழு விளையாட்டு நடத்துவது அவர் பிழைப்பு. அன்று வந்திருந்தவர்கள் ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைக்காரர்கள். பத்துப் பேரை ஐந்தைந்தாக எதிரெதிரே நிறுத்தி, இரு கை ஆள்காட்டி விரல்களையும் நெஞ்சுயரத்தில் நீட்டச் சொன்னார். விரல்கள்மேல் குழாய். அதைத் தரையில் இறக்க வேண்டும். பிடிக்கக் கூடாது, ஒரு விரல்கூடக் குழாயை விட்டு விலகக் கூடாது. விலகினால் மறுபடி முதலிலிருந்து.

குழாய் மேலே போனது! சிரிப்பெல்லாம் அரை நிமிடம்தான். "யாருப்பா தூக்குறது?" "நான் இல்லண்ணா, அந்தக் கோடிதான்." மேலாளர் "கீழ, கீழ" என்று கத்தக் கத்த அது தலைக்கு மேல் ஏறியது.

விரல் விலகிவிடுமோ என்ற பயத்தில் ஆளாளுக்குத் துளி மேலே தள்ளுகிறார்கள். இருபது விரல் சேர்ந்தால் குழாயின் எடை எம்மாத்திரம்? அதனால் எடைதான் இதில் சூட்சுமம். தொடக்கத்தில் தண்ணீர்க் குழாயை வைத்து நடத்தினாராம். கனம் தாங்காமல் நேரே தரைக்குப் போய்விட்டது. இன்னொன்றையும் கவனித்தேன். ஆட்டம் தொடங்கும்போது குழாயை மேலிருந்து லேசாக அழுத்தி, சட்டென்று கையை எடுக்கிறார். அது துள்ளுகிறது. ஏமாற்று வேலை இல்லையா என்றேன். "முதல் துள்ளல் மட்டும்தான் என்னுது சார். மிச்சம் அவங்களுது."

எனக்கு வியப்பு அவர் வாயை மூடிக்கொண்டு நின்றதில்தான். நானாக இருந்தால் மூன்றாம் நிமிடமே வழி சொல்லியிருப்பேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரே ஒருமுறை மேலாளர் காதருகே போய், "சார், இனி உங்களுக்குப் பேச்சு கிடையாது" என்றார். அந்த அமைதியில், ஓரத்தில் நின்ற பெண் மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் குழாயையே பாருங்க. நான் எண்ண எண்ண முட்டியை மடக்குங்க." குழாய் புல்லைத் தொட்டது.

இந்தப் பயிற்சிகளுக்கெல்லாம் மூதாதை என்று வேல்ஸில் உள்ள அபர்டோவியைச் சொல்வார்கள். போர்க்காலத்தில், 1941இல், கர்ட் ஹான் என்ற கல்வியாளர் கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டின் துணையோடு அங்கே தொடங்கிய பள்ளியில், கப்பல் மூழ்கினாலும் பிழைத்து வர இளம் மாலுமிகளைப் பழக்கினார்கள். ஏலகிரியில் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தாக வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசுவதுதான் அசல் வேலை என்கிறார் அவர். யார் யாரைக் குற்றம் சொன்னார்கள், அந்தப் பெண்ணின் குரல் முதலிலேயே ஏன் கேட்கவில்லை என்பதெல்லாம் அங்கேதான் வரும். அரை மணி கேட்டிருந்தார். பத்தாவது நிமிடம் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள், வட்டம் கலைந்தது. அவருடைய உதவிப் பையன் குழாயைக் கழற்றி உறையில் போட்டான்.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு நாள் கூட்டிப்போவார்கள். பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை, அந்த அரை மணி உட்காருங்கள்.