அழிந்த எல்லைகள்

1930இல் வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், கைமாறிப் பெயரும் மாறி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. பெயர் மாறினும் பலகைகள் மாறவில்லை. அவ்வூர் வீடொன்றுக்கு அண்மையில் வந்த பழைய மடிக்கணினியும் கைமாறியதே. காலஞ்சென்ற தாய்மாமன் கனடாவிற் பயன்படுத்தியது. இடம் போதாமையால், பல்கலைக்கழக மாணவனான மருமகன் வன்தட்டின் மூன்று பிரிவுகளுள் இரண்டை நீக்கினான். அதன் பின்னரே தாய் வினவினாள்: “தம்பி, மாமான்ரை படங்களும் அதுக்குள்ளையோ?”

அவன் திகைத்துக் கையை எடுத்தான். அவ்வேளை கையை எடுப்பதே பெரும் வித்தை எனலாம். பழைய முறையிற் பிரிக்கப்பட்ட தட்டொன்றின் முதற்றுண்டம் 512 பைற்றுகளைக் கொண்டது. அவற்றுள் 64 மட்டுமே பிரிவு அட்டவணைக்குரியவை. ஒரு பிரிவு எங்கே தொடங்கி எவ்வளவு நீள்கிறது என்பதை 16 பைற்றுகள் கூறும். ஆதலின் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கே அங்கு இடமுண்டு. பிரிவை நீக்குகையில் அழிவது பெரும்பாலும் இப்பதிவே. வேலியைப் பிடுங்கினால் வளவிலுள்ள கிணறு தூர்ந்துவிடுவதில்லை அன்றோ! ஆயின் அவ்விடத்திற் புதிதாக எழுதத் தொடங்கினால், கிணறும் மெல்லத் தூரும்.

அவன் எதையும் எழுதவில்லை. ‘ரெஸ்ற்டிஸ்க்’ என்னும் இலவச மென்பொருள் இரவு முழுதும் தட்டைத் துருவியது. விடிகையில் பழைய எல்லைகள் அகப்பட்டன. ஒரு பிரிவில் தயாரிப்பாளரின் மீட்புக் கோப்புகள். அவற்றை எவரும் தேடவில்லை. மற்றையதில், முத்துமாரியம்மன் கோயில் இந்திரவிழாக் கூட்டத்திடையே, கண் கூசச் சிரித்தபடி மாமன் நின்றார். தாய் நெடுநேரம் திரையைவிட்டு அகலவில்லை.

இடம் மட்டும் முன்போலவே போதவில்லை.