கப்பலில் கூடிய சபை

காரியத்தின் நிமித்தம் கடல் கடப்பவர்கள், காரியம் யாதொன்றுமின்றிக் கடலைக் காண்பதற்கென்றே கப்பலேறுபவர்கள் என்று கப்பல் பிரயாணிகளை இரு வகையாகப் பிரிக்கலாம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய பழைய ‘ரஜூலா’ கப்பலின் ஜனங்கள் முதல் வகையினர். பிழைப்பு, வியாபாரம், விவாகம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது; மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவருக்கும் சரி, முதல் வகுப்பு அறையில் உறங்கியவருக்கும் சரி, போய்ச் சேரவேண்டிய ஊர் ஒன்று இருந்தது. இக்காலத்து உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவையோ புறப்பட்ட துறைக்கே திரும்பி வருகின்றன. யாதொரு ஜோலியும் இல்லாத ஆயிரக்கணக்கான மனிதர்கள் ஒரே கூரையின்கீழ் கூடினால் எத்தகைய சமூகம் உண்டாகும் என்பதை, சியாட்டில் நகரிலிருந்து அலாஸ்காவுக்குச் சென்று திரும்பிய ஒரு கப்பலில் ஆற அமரக் கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

அவ்விதக் கப்பலின் தேசம் யாது என்று கேட்டால் எவராலும் ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது. கொடி பஹாமாஸ் அல்லது பனாமா போன்ற ஒரு நாட்டினுடையதாயிருக்கும். கம்பெனி அமெரிக்காவிலிருந்து நடக்கும். ஊழியர்களோ பல கண்டங்களிலிருந்து வந்தவர்கள். அமெரிக்கத் துறையில் ஏற்றிய பிரயாணிகளை அமெரிக்கத் துறைகளுக்கே கொண்டுசென்று திரும்பும் அந்நியக் கொடிக் கப்பல், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறையையேனும் தொட்டாக வேண்டும் என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதிப்பதால், கனடாவின் விக்டோரியா நகரை நாங்கள் மாலைப் பொழுதில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம்.

பிரயாணிகளில் பெரும்பகுதியினர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அமெரிக்கர்கள். தங்கள் நாட்டுக் குளிர்காலத்துக்குத் தப்பி வடதிசை வந்த ஆஸ்திரேலியர்கள், பாட்டி முதல் பேத்தி வரை மூன்று தலைமுறையும் ஒன்றாகவே நடமாடிய சீனக் குடும்பங்கள், குழந்தைகளைக் காண அமெரிக்கா வந்து, அக்குழந்தைகளின் அன்பான நிர்ப்பந்தத்தால் கப்பலேறிய நம்மவர்கள் ஆகியோரும் கணிசமாக இருந்தனர். 1867ஆம் ஆண்டில் மார்க் ட்வெய்ன் நியூயார்க்கிலிருந்து ‘குவேக்கர் சிட்டி’ என்னும் நீராவிக் கப்பலில் மத்தியதரைக் கடலுக்கு உல்லாச யாத்திரை சென்றபோது, யார் யாரைச் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானிக்க ஒரு குழுவே இருந்தது. இன்று அக்குழுவின் ஸ்தானத்தில் கடனட்டை வீற்றிருக்கிறது. அது குலமோ குணமோ விசாரிப்பதில்லை.

முதல் நாள் கப்பல் புறப்படுமுன் எல்லோரும் சமமாயிருந்தோம். ‘டைட்டானிக்’ 1912இல் மூழ்கியதன் பயனாய்ப் பிறந்த கடல் பாதுகாப்பு விதிகளை அனுசரித்து, ஆபத்துக் காலத்தில் கூடவேண்டிய இடத்தில் ஒவ்வொருவரும் ஆஜராக வேண்டும். செல்வரும் பென்ஷன்காரரும் அங்கே தோளோடு தோள் நின்று, உயிர்காப்புச் சட்டையை மாட்டும் விதத்தைப் பார்த்தோம். ஆனால் அந்தச் சமத்துவம் அஸ்தமனம் வரையில்கூட நிலைக்கவில்லை. அதே கம்பெனியின் கப்பல்களில் பன்முறை பிரயாணம் செய்தவர்களுக்குத் தனி நிற அட்டை, விசாலமான அறை எடுத்தவர்களுக்குத் தனிப் போஜனசாலை, ஏனையோருக்குப் பொது வரிசை என்று பேதங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. ஜாதியை நிலத்தில் விட்டுவந்த மனிதன் நீரில் புதிதாக ஒன்றைச் சிருஷ்டித்துக்கொள்ள ஒரு பகல் போதும் போலும்!

பேதங்கள் சற்றே நெகிழ்ந்த இடம் இராப்போஜன மேஜை ஒன்றுதான். கல்யாணப் பந்தியில் இலை போட்ட இடத்தில் உட்காருவதைப்போல, குறித்துக் கொடுத்த மேஜையில் குறித்த நேரத்தில் நாங்கள் அமர்ந்தோம்: ஒஹையோ மாகாணத்துப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி, ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை நடத்தும் தம்பதிகள், கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த வங்கி அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும், நான். நயத்தக்க நாகரிகத்தோடு சீதோஷ்ணத்தைப் பற்றியும் சூப்பின் ருசியைப் பற்றியும் அளந்தளந்து பேசிக்கொண்டிருந்த அம்மேஜையில், கும்பகோணத்து அம்மாள் திடீரென்று ஆசிரியையைப் பார்த்து, “உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?” என்று கேட்டார். அது கேட்கத்தகாத கேள்வி என்று அவர் கணவர் நெளிந்தார். ஆனால் ஆசிரியையின் முகம் மலர்ந்தது. பண்ணைக்காரர் தம் பேரன் பேத்திகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, ஒன்றை மறந்து, மனைவியிடம் திருத்தம் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அம்மேஜையில் வார்த்தைக்குப் பஞ்சமே ஏற்படவில்லை.

அலாஸ்காவின் ஸ்காக்வே துறையைக் கண்டு வந்த இரவு, அத்துறை வழியே கனடாவுக்குள் நடந்த 1897–98 காலத்துத் தங்க வேட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஓராண்டுக்கு வேண்டிய உணவும் சாமான்களும் கொண்டுவந்தால்தான் எல்லைக்குள் விடுவோம் என்று கனடாப் போலீசார் விதித்ததால், தங்கம் தேடிப் போனவர்கள் ஏறக்குறைய ஒரு டன் சுமையை மலைக்கணவாய் வழியே சிறுகச் சிறுகத் தூக்கி ஏற்றிய கதையை ஆசிரியை விவரித்தார். “அத்தனையும் மாவும் பன்றிக் கறியுமா? பருப்பு இல்லையா?” என்று அம்மாள் கேட்டார். பீன்ஸ் பருப்பும் இருந்தது என்று அறிந்த பிறகே அவர் சமாதானம் அடைந்தார்.

இவ்வுறவை, கிளேசியர் விரிகுடாவில் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 1794இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வான்கூவரின் கோஷ்டியார் கண்டபோது அவ்விரிகுடா ஏறக்குறைய முழுவதையும் பனிக்கட்டி அடைத்திருந்தது. இயற்கை ஆய்வாளர் ஜான் ம்யூர் 1879இல் வந்தபோது அது பல மைல் தூரம் பின்வாங்கியிருந்தது. இவ்வரலாற்றைக் கப்பலேறி வந்த வனக்காவல் அதிகாரி விளக்க, பனிச்சுவரிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து இடியோசையுடன் கடலில் வீழ்ந்தது. மேல்தளத்தில் நின்ற அத்தனை தேசத்தாரும் ஏககாலத்தில் ‘ஆ’ என்றனர். அக்கணம் மானிட ஒருமைப்பாட்டின் சிகரம் என்று எழுதிவிட ஆசைதான். உண்மை என்னவெனில், அடுத்த நிமிஷமே அவரவர் கைபேசியில் அவரவர் எடுத்த படத்தைப் பார்க்கக் குனிந்துவிட்டோம். அருகில் நின்றவர் இன்னார் என்று எவருக்கும் தெரியாது.

கப்பலிலேயே மெய்யாகக் கலந்து வாழ்ந்த கூட்டம் வேறொன்று. பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, கோவா என்று சட்டையில் பெயரோடு ஊரையும் தாங்கிய ஊழியர்கள், நம் கண்ணுக்குத் தெரியாத கீழ்த்தளங்களில் அறையையும் உணவையும் மாதக்கணக்கில் பகிர்ந்து வாழ்கிறார்கள். கும்பகோணத்துத் தம்பதிகளுக்கு முதல்நாளே கேட்டுவைத்துச் சோறும் பருப்பும் வரவழைத்த கோவாக்காரர், ஊரிலுள்ள தம் மகளின் படிப்புக்காகவே கடலில் இருப்பதாகச் சொன்னார். ஆக, காரியத்துக்காகக் கடல் கடக்கும் அந்த ஆதி வர்க்கம் மறைந்துவிடவில்லை. பரிமாறும் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவே.

பல தேசத்தாரை ஒரு கப்பலில் ஏற்றுவது கம்பெனியின் காரியம். அவர்களை ஒருவரோடொருவர் பழகவைப்பது எந்தக் கம்பெனியாலும் ஆகாத காரியம். நினைத்த வேளையில், நினைத்த இடத்தில், தனித்து உண்ணும் சௌகரியத்தை இப்போது பல கப்பல்கள் அளிக்கின்றன. வாசகர் எவரேனும் இத்தகைய யாத்திரைக்குப் புறப்பட்டால், அந்தச் சௌகரியத்தைப் பணிவுடன் மறுத்து, அந்நியர் அமரும் பொது மேஜையில் ஓரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் எத்தனை என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.