மல்லியின் கண்கள்

காக்கர் ஸ்பானியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதன் கண்களைத்தான் சொல்வார்கள். வளர்க்கிற எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காது. நீண்டு தொங்கும் அந்தக் காதுகள் தண்ணீர்க் கிண்ணத்தில் நனையும், தயிர்சாதத்தில் தோயும், கோவையின் ஐப்பசி மழை நாட்களில் உள்ளே புழுங்கிச் சீழ் பிடிக்கும். பழைய காலுறையின் நுனியை வெட்டித் தலையில் மாட்டி, காதுகளை ஒடுக்கிய பிறகே சோறு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தக் கோலத்தில் மல்லியைப் பார்த்த விருந்தினர் ஒருவர், முக்காடிட்ட பாட்டியம்மாள் என்றார். (நாயை ‘அது’ என்றுதான் எழுதவேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லாததால் இங்கும் அவள்தான்.)

இங்கிலாந்தின் புதர்க்காடுகளில் உட்காக் என்னும் பறவையைக் கிளப்பிவிடப் பழக்கப்பட்ட இனம் இது. காக்கர் என்ற பெயரே அப்பறவையால் வந்தது. பிறகு காட்சி அரங்கம் இதைத் தத்தெடுத்துக்கொண்டது. லண்டனில் தொடங்கிய கிரஃப்ட்ஸ் நாய்க் காட்சியில் 1930க்கும் 1950க்கும் இடையே ஆறு முறை ஒட்டுமொத்த முதற்பரிசை வென்றவை ஹெர்பர்ட் லாயிட் என்ற ஒரே மனிதரின் காக்கர்கள். இப்படிப்பட்ட வெற்றிகளுக்குப் பின் எல்லோருக்கும் சாம்பியனின் வாரிசே வேண்டியிருக்கிறது. ஒரே ஆண் நாயின் இரத்தம் பல வீடுகளுக்குப் போகிறது. அதனோடு கண்ணுக்குத் தெரியாத வேறு சிலவும் போய்விடக்கூடும்.

மல்லிக்கு ஆறு வயது நடக்கையில், விளக்கணைத்த பின் மாடிப்படியில் இறங்கத் தயங்கினாள். பகலில் பந்தைத் துரத்துகிறவள், அந்தியில் வாசற்படியில் நின்றுவிடுவாள். விழித்திரை படிப்படியாகத் தேய்கிறது என்றார் மருத்துவர், மருந்து இல்லை. அடுத்த ஒன்றரை ஆண்டில் பகலும் போயிற்று. வலி கிடையாது என்பது மட்டுமே ஆறுதல். நாற்காலிகளை இடம் மாற்றுவதை நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

இந்நோய்க்குக் காரணமான மரபணுப் பிழை 2006இல் கண்டறியப்பட்டது. அதே பிழை மனிதரிலும் மாலைக்கண்ணாகத் தொடங்கும் ஒரு பார்வையிழப்புக்குக் காரணமாகிறது என்பதைப் படித்தபோது, மல்லி இன்னும் கொஞ்சம் எங்களுக்கு நெருங்கிய உறவானாள். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கண்ணுக்குக் கேடில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கடத்த முடியும். நோயுள்ள தாயின் ஒவ்வொரு குட்டியும் குறைந்தது கடத்தியாகவேனும் இருந்தே தீரும். மல்லி முன்பு ஈன்றதில் நாங்கள் வைத்துக்கொண்ட சீனி அப்படித்தான். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் துடைத்தனுப்பிய சோதனையும் அதையே சொன்னது.

இங்கே கணக்கு எளிது. சீனியை இன்னொரு கடத்தியோடு சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு குட்டிகள் குருடாகலாம். பிழையே இல்லாத ஆணோடு சேர்த்தால் ஒன்றுகூட ஆகாது. ஆகவே சோதனைச் சீட்டு உள்ள ஆண் வேண்டும். கேட்கப் போன இடங்களில்தான் எங்களுக்கு உலகம் புரிந்தது. “ஏனுங்க, கண்ணு நல்லாத்தானே இருக்குது? வேணும்னா டார்ச் அடிச்சுப் பாருங்க” என்றார் சாம்பியன் பட்டம் பெற்ற நாயின் உரிமையாளர் ஒருவர். அவரிடம் கபடமில்லை. கடத்தியின் கண்ணில் டார்ச் அடித்தாலும் ஒன்றும் தெரியாது என்பதைத்தான் அவர் ஏற்கவில்லை. மற்றொருவர், பெண்பார்க்க வந்துவிட்டுக் குலத்தில் கறையா என்று கேட்டதுபோல் முகம் சிவந்தார்.

ஊட்டியில் மே மாதம் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் காட்சிக்குச் சீனியை ஒருமுறை கூட்டிப்போனோம். மேசைமேல் நிறுத்தி, பல்லைப் பார்த்து, தோளையும் விலாவையும் தடவி, புல்தரையில் ஓடவிட்டு நடையைக் கணித்தார் நடுவர். அந்தக் கைகளின் அனுபவத்தை நாங்கள் மதிக்கிறோம். ஒரு முழங்கையின் கோணலை இரு விரலால் கண்டுபிடிப்பவரை நேரில் பார்த்தோம். பெண் காக்கருக்கு உயரம் 38 முதல் 39 செ.மீ. என்கிறது இலக்கணம். சீனி அதற்குள் அடங்கினாள், மூன்றாம் இடம். எந்த விரலுக்கும் எட்டாத ஒன்றை அவள் சுமந்துகொண்டிருந்தாள் என்பது நாடாவைப் பிடித்திருந்த எங்களுக்கு மட்டும் தெரியும். இனச் சான்றிதழோடு மரபணுச் சோதனைச் சீட்டையும் கேட்கும் காட்சிதான் எங்களுக்கு மதிப்புள்ளதாகப்படும்.

கடைசியில் பெங்களூரில், பட்டம் எதுவும் இல்லாத, சோதனையில் தேறிய ஓர் ஆண் கிடைத்தது. அறுபத்திரண்டாம் நாள் ஆறு குட்டிகள். வாலை நறுக்கவில்லை, முட்புதரில் வேட்டையாடும் நாய்க்குச் சொன்ன காரணம், சோபாவில் தூங்கப்போகும் நாய்க்குப் பொருந்தாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதுவரை குட்டிகளுக்குப் பார்வையற்ற பாட்டிதான் காவல். அவை எங்கே ஒளிந்தாலும் மோப்பத்திலேயே கண்டுபிடித்துக் கழுத்தைக் கவ்வி இழுத்து வருவாள்.

வாங்க வந்தவர்களிடம், பிற்காலத்தில் இணைசேர்ப்பதானால் முதலில் சோதித்துவிடுங்கள் என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டோம். நான்கு பேர் போட்டார்கள். இருவர், சாம்பியன் வாரிசும் இல்லை, இதில் பத்திரம் வேறா என்று திரும்பிவிட்டார்கள். அந்த இரண்டு குட்டிகளும் எங்களோடுதான் இருக்கின்றன. பழைய காலுறைகள் போதவில்லை.