காணிப்பாக்கத்தில் கற்பூரம், கரகம்பாடியில் பாட்டரி

பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர்களுக்குச் சித்தூர்-திருப்பதி வட்டாரத்தில் சாமியும் உண்டு, வைத்தியமும் உண்டு. இரண்டில் எதை முதலில் நாடுவது என்பதில்தான் குழப்பம்.

சித்தூரிலிருந்து சுமார் 12 கி.மீ. தூரத்தில், பாகுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். ஆந்திராவில் இருந்தாலும் பெயரில் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். முதலாம் குலோத்துங்க சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் இங்குள்ள விநாயகர் கோயிலுக்கு வாகன பூஜைக்காக வண்டிகள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஷோரூம் பளபளப்பு மாறாதவை சில. இரண்டு, மூன்று கை மாறியவை பல. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் என்று உபசாரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கற்பூரம் காட்டி முடிந்ததும் சாவியைத் திருப்ப வேண்டும். பழைய வண்டிக்குச் சோதனை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காணிப்பாக்கத்துக்கு இன்னொரு புகழும் உண்டு. இந்தப் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்தால் தண்டனை நிச்சயம் என்பது நம்பிக்கை. கடன், களவு, பாகப்பிரிவினை என்று எத்தனையோ வழக்குகள் இந்தச் சந்நிதியில் தீர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். பழைய வண்டிச் சந்தைக்கு மிகவும் தேவையான சரக்கு இதுதான். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளின் தரத்தைப் பார்த்து வாங்கும் பொறுப்பைப் பெரும்பாலும் வாங்குபவர் தலையிலேயே வைக்கிறது. 'ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும்' என்று விற்பவர் சொல்வார். ஆகவும் செய்யும். ஆள் வருவதற்கு முன்பே பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார். சூடான இன்ஜின் தன் நோயை மறைத்துவிடும். விடியற்காலையில், சொல்லாமல் போய், பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்வதே பிள்ளையார் சத்தியத்துக்கு நிகரான சோதனை.

வாங்கிய பிறகு வண்டி மக்கர் செய்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பாட்டரி பலவீனம், அல்லது அதன் முனைகளில் பூத்த வெள்ளைப் படிவம். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை. பல மாதம் சும்மா நின்ற வண்டியின் பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டரின் நுண்துளைகளைப் பிசின்போல் அடைத்துவிடும். பழைய பெட்ரோலை வடித்து, ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றினாலே பாதி நோய் தீரும். ஓய்வில் இருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14. ஓடும்போதும் 12ஐத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று பொருள். அப்போது புது பாட்டரி வாங்குவது வெட்டிச் செலவு.

பாட்டரிக்கும் இந்த மண்ணுக்கும் நெருங்கிய உறவு. கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் தொழிற்சாலை திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் இருக்கிறது. நாடெங்கும் வண்டிகளைக் கிளப்பும் அமரான் பாட்டரிகளின் பிறந்தகம் இதுதான். ஆனால் ஈய-அமில பாட்டரிக்குச் சத்ரு வெயில். சித்தூர் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

உண்மையான பரீட்சை அலிபிரியைத் தாண்டிய பிறகு. 1944இல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு, 1974இல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல் உள்ள திருமலைக்குத் தாழ்ந்த கியரில் முனகியபடி ஏறும் பழைய வண்டி, வளைவில் ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்புவது சந்தேகம். கொதிக்கும் இன்ஜினின் வெப்பத்தில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஆறவிடுவதே வழி. ஏற்றத்தில் தள்ளு ஸ்டார்ட்டுக்கு இடமில்லை. பின்னோக்கி உருளவிட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாட்டு.

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கமிருந்து வண்டி வாங்குவோருக்கு இன்னொரு 'ஸ்டார்ட்டிங் டிரபிள்' காகிதத்தில் காத்திருக்கிறது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மாநிலம் தாண்டினால் படிவம் 28இல் தடையில்லாச் சான்றும் வேண்டும். அது இல்லாத வண்டி, இன்ஜின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், சட்டப்படி இன்னும் பழைய முதலாளியுடையதே.

2022இல் திருமலைக்கு மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. கார்புரேட்டர், பிளக் தொல்லைகள் ஒருநாள் மறைந்துவிடும். ஆனால் பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பாட்டரி இருக்கிறது. அது செத்தால், பெரிய பாட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி கண் விழிக்காது. நாளைக்கு மின்சார வண்டியை இரண்டாம் கையாக வாங்குபவரும் முதலில் அதைத்தான் சோதிக்க வேண்டியிருக்கும்.