மலிவான தோட்டா

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் கைத்துப்பாக்கியைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம். எனக்கும் வியப்புத்தான். 2023 கோடை விடுமுறையில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் அக்காவின் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். பணி ஓய்வு பெற்றிருந்த அத்தானுக்குக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் புதிதாக ஈடுபாடு பிறந்திருந்தது. ஏரிக் கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியப் போட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்ததன் விளைவு அது. வாங்கப்போகும் துப்பாக்கி நம்பகமானதாக இருக்கவேண்டும், அதற்கான தோட்டா மலிவாகக் கிடைக்கவேண்டும் என்பவை அவருடைய இரண்டு நிபந்தனைகள். துப்பாக்கியே வேண்டாம் என்பது அக்காவின் ஒரே நிபந்தனை. வாரக் கடைசிகளில் மகள் வீட்டிலிருந்து நான்கு வயதுப் பேரன் வந்துவிடுவான். அதற்கு மேல் அவள் காரணம் சொல்லவில்லை; சொல்ல வேண்டியதும் இல்லை.

இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றோடொன்று அவ்வளவு எளிதில் இணங்குபவை அல்ல என்பதை அங்கிருந்த நாட்களில் அறிந்துகொண்டேன்.

தோட்டாக்களில் மிக மலிவானது .22 லாங் ரைஃபிள். 1887ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அதே வடிவில் தயாராகி வருகிறது. ஒரு 9 மி.மீ. தோட்டாவின் விலையில் இதில் மூன்று வாங்கலாம். ஐந்நூறு தோட்டாக்கள் கொண்ட அட்டைப்பெட்டிகளைக் கடையில் மாவு மூட்டைபோல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்த காலத்தில் எங்களுக்கும் இதே .22 தோட்டாதான். ஆனால் அன்று ஆளுக்கு ஐந்து தருவார்கள். சுட்டு முடித்ததும் ஐந்து வெற்றுக் கூடுகளையும் ஹவில்தாரிடம் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். ஒரு கூடு புல்லில் தொலைந்தால் மொத்த அணியும் குனிந்து தேடும். அந்த ஐந்துக்கும் இந்த ஐந்நூறுக்கும் இடையிலான தூரத்தை மனம் கடக்கச் சற்று நேரம் பிடித்தது.

மலிவின் பயன் வெளிப்படையானது. குறிபார்த்துச் சுடுதல் கண்ணின் கலை என்று நினைத்திருந்தேன். அது பெரும்பாலும் விரலின் கலையாம். துப்பாக்கியை அசைக்காமல் விசையை இழுக்கும் பழக்கம் விரலில் படிய ஆயிரக்கணக்கான முறை சுடவேண்டும். வீணையில் சாதகம் செய்வது போன்றதே இது. ஒவ்வொரு சாதகத்துக்கும் கட்டணம் உண்டென்றால் கட்டணம் குறைவாக இருப்பதே நல்லது.

மலிவின் விலையைத் தெரிந்துகொள்ள அந்தத் தோட்டாவின் உட்புறத்தைப் பார்க்கவேண்டும். பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே தீ மூட்டும் சிறு மூடி ஒன்று தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். சுட்டபின் அந்த மூடியை மாற்றி, கூட்டை மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். .22 தோட்டாவில் அந்த மூடி கிடையாது. மெல்லிய பித்தளைக் கூட்டின் அடியில் சுற்றிலும் உட்புழையுள்ள ஒரு விளிம்பு இருக்கிறது. தீ மூட்டும் கலவையை ஈரமாக இட்டு, கூட்டைச் சுழற்றி, அதை விளிம்புக்குள் பரவச் செய்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பற்றுகிறது. ரிம்ஃபயர் என்ற பெயரும் அதனால்தான் வந்தது. கலவை எங்கேனும் ஓரிடத்தில் பரவாமல் விட்டுப்போய், ஊசி சரியாக அந்த இடத்தில் அடித்தால் தோட்டா வெடிக்காது. கோடிக்கணக்கில் மலிவாகச் செய்யும்போது இப்படிச் சில தப்பிவிடுவது இயல்பு.

இது முதல் இடையூறு. வேறு மூன்றும் உண்டு. செமி ஆட்டோமேடிக் கைத்துப்பாக்கி, சுட்ட விசையின் எதிர்விசையைக் கொண்டே வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறது. .22இல் அந்த எதிர்விசை மிகச் சிறிது. தோட்டா சற்று மெலிந்தால் பின்பகுதி முழுத் தொலைவு பின்னோக்கிச் செல்லாது. வெற்றுக் கூடு வெளியேறும் வழியிலேயே அகப்பட்டு நிற்கும். அடுத்தது அழுக்கு. ஈயக் குண்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது; அந்த மெழுகும் ஈயத் தூளும் எரியாத மருந்தும் சேர்ந்து துப்பாக்கியின் உள்ளே பிசினாகப் படிகின்றன. கடைசியாக, அந்த விளிம்பே. மேகசினில் தோட்டாக்களை அடுக்கும்போது மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் சிக்கினால் அடுத்த தோட்டா மேலேறாது. ஆக, மிக எளிய தோட்டாவுக்கு மிகப் பொறுமையான துப்பாக்கி வேண்டியிருக்கிறது.

அமெரிக்கப் பொறியாளர்கள் இந்தப் பொறுமையை வடிக்க நூறாண்டுக்கு மேலாக முயன்றிருக்கிறார்கள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் உட்ஸ்மன் 1915இல் வந்தது. 1977 வரை தயாரிப்பில் இருந்தது. 1949இல் வில்லியம் ரூகர், அலெக்சாண்டர் ஸ்டர்ம் என்னும் இருவர் கனெக்டிகட்டில் சிறு அளவில் தொடங்கி 37 டாலர் 50 சென்டுக்கு ஒரு .22 கைத்துப்பாக்கியை விற்றார்கள். அதன் கைப்பிடிச் சட்டம் தகட்டில் அச்சடித்த இரண்டு பாதிகளை ஒட்டவைத்துச் செய்தது; செலவு குறைந்தது, உறுதி குறையவில்லை. பின்னர் 1985இல் பிரௌனிங் நிறுவனத்தின் பக் மார்க் வந்தது. ரூகரின் பழைய வகைகளைத் துடைக்கக் கழற்றிவிட்டு மீண்டும் பூட்டுவது பெரும்பாடு என்று சுடுவோர் எல்லோரும் சொல்வார்கள். 2016இல் வந்த மார்க் 4 வகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் பிரிந்துவிடுகிறது. 2017இல் அதே மார்க் 4இன் பாதுகாப்புப் பூட்டில் குறை இருப்பது தெரிந்து நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. நம்பகம் என்பது ஒரே நாளில் முடிந்துவிடும் காரியம் அல்ல என்பதற்கு இந்த வரலாறே சான்று.

அத்தான் பொறியாளர். விளம்பரத்தை நம்பமாட்டார். மூன்று சனிக்கிழமைகள், மூன்று துப்பாக்கிகள், மூன்று வகைத் தோட்டாக்கள், ஒவ்வொன்றிலும் நூறு என்று திட்டமிட்டார். இரண்டு துப்பாக்கிகளைக் கிளப் நண்பர்கள் இரவல் தந்தார்கள். ஒன்று வாடகைக்கு வந்தது. பயண விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருப்பதை அமெரிக்கச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, தடுக்கிறது. ஆகவே எனக்கு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கிடைத்தன.

"மாப்பிள்ளை, பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி கண்டிப்பா மார்க் போடணும். கருணையெல்லாம் காட்டக்கூடாது" என்றார்.

முதலாவது இலகுவானது, கைக்கு அடக்கமானது. முந்நூறில் பத்தொன்பது முறை சிக்கியது. அவற்றுள் பதினொன்று வேகம் குறைந்த தோட்டாவில். இரண்டாவது போட்டிக்கென்றே செய்த விலை உயர்ந்த துப்பாக்கி. தரமான தோட்டாக்களில் ஒருமுறைகூடத் தவறவில்லை. மொத்தப் பெட்டியின் மலிவுத் தோட்டாவில் ஒன்பது முறை மறுத்துவிட்டது. மூன்றாவது கனத்த எஃகில் செய்த ரூகர் மார்க் 4. முந்நூறில் இரண்டு, அந்த இரண்டும் தோட்டா வெடிக்காததால் நேர்ந்தவை, துப்பாக்கியின் பிழை அல்ல. மூன்று துப்பாக்கிகளைக் கொண்டு பொது விதி வகுக்க முடியாது. எனினும் நோட்டைப் புரட்டியபோது ஒன்று தெளிவாயிற்று. நம்பகம் துப்பாக்கிக்குள் மட்டும் இருக்கும் குணம் அன்று; துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இடையே உண்டாகும் இணக்கம். அதனால்தான் ஒரு வகைத் தோட்டாவில் நூறேனும் சுட்டுப் பார்க்காமல் ஐந்நூறு பெட்டியை வாங்காதே என்று அனுபவசாலிகள் அறிவுரை சொல்கிறார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை அக்காவும் வந்திருந்தாள். வேண்டாம் என்பதற்கும் பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும் என்பது அவள் கொள்கை. அன்றுதான் அந்த வெடிக்காத இரண்டில் ஒன்று நேர்ந்தது. அத்தான் விசையை இழுத்தார். 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டது. அவர் அசையவில்லை. துப்பாக்கி இலக்கையே நோக்கியிருக்க, கையைத் தாழ்த்தாமல் முப்பது விநாடி நின்றார். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிப்பதுண்டு என்பதால் இப்படியொரு விதி. அதன்பின் தோட்டாவை வெளியே எடுத்தார். விளிம்பில் ஊசியின் தழும்பு ஆழமாகப் பதிந்திருந்தது. அதைச் சற்றுத் திருப்பி, விளிம்பின் வேறொரு புள்ளியில் அடிபடும்படி வைத்து மீண்டும் சுட்டார். வெடித்தது.

அக்கா சொன்னாள்: "அப்போ செத்துப்போச்சுன்னு நெனச்சது உயிரோடதான் இருந்திருக்கு."

அத்தான் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் காலி அட்டைப்பெட்டியை அவள் எடுத்துப் படித்தாள். ஒன்றரை மைல் தொலைவு வரை ஆபத்து என்று அதன் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மூன்று கிராம் எடைகூடத் தேறாத ஓர் ஈயத் துண்டுக்கு ஒன்றரை மைல்! 1968இல் லாஸ் ஏஞ்சலஸில் ராபர்ட் கென்னடியின் உயிரைக் குடித்தது .22தான். 1981இல் அதிபர் ரேகனின் நெஞ்சுக்குள் இதயத்திற்கு மிக அருகில் போய் நின்றதும் .22தான். மலிவு என்ற சொல்லை நாம் பேச்சில் அற்பம் என்ற பொருளிலும் ஆள்கிறோம். கத்தரிக்காய்க்கும் கைக்குட்டைக்கும் அது பொருந்தலாம். இங்கே பொருந்தாது. ஐந்து தோட்டாவை எண்ணி வாங்கிய கைக்குத் தானாகவே இருந்த கவனத்தை, ஐந்நூறு வைத்திருக்கும் கை முயன்று வளர்த்துக்கொள்ளவேண்டும்.

நம்பகமான துப்பாக்கி ஏன் வேண்டும் என்பதற்கான விடையும் இதற்குள்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. போட்டியில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் மறுபடி சுட வாய்ப்புத் தருவார்கள். அதற்கு அலிபி என்று பெயர். ஆகவே ஒரு சிக்கலால் போட்டியே போய்விடுவதில்லை. ஆனால் நிமிடத்துக்கொருமுறை சிக்கும் துப்பாக்கி, சுடுபவரின் கவனத்தை இலக்கிலிருந்து பிடுங்கித் தன்மேல் திருப்பிக்கொள்கிறது. சிக்கியதை விடுவிக்கும் எரிச்சலில் முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள். அரிதாகவே தவறும் கருவி அந்த எரிச்சலைத் தருவதில்லை. அது தவறும்போது முப்பது விநாடி நிற்கும் பொறுமையும் மிச்சமிருக்கிறது.

நான் ஊர் திரும்பும் வாரத்தில் அத்தான் அந்தக் கனத்த துப்பாக்கியையே வாங்கினார். அக்கா சம்மதித்தாள் என்று சொல்லமாட்டேன். நிபந்தனைகளை மாற்றிக்கொண்டாள் என்று வேண்டுமானால் சொல்லலாம். துப்பாக்கி கீழ்த்தளத்தில், சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கும். தோட்டா மாடியில் வேறொரு பூட்டுக்குள். பேரன் வரும் நாட்களில் இரண்டும் திறக்கப்படா. எத்தனை போயின, எத்தனை மீந்தன என்ற கணக்கு என் நோட்டிலேயே தொடரவேண்டும்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது கணக்கைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இரண்டு கையெழுத்து இருக்கிறதாம். இரும்புப் பெட்டியின் எண் அத்தானுக்குத் தெரியும். தோட்டாப் பூட்டின் சாவி அக்காவின் புடவைத் தலைப்பில்.