தவளம் போன பாதை

எசல பெரஹெரா நாட்களில் கண்டிக்குள் வாகனம் நுழைய இடம் இருக்காது. அந்த நாட்களில் நகரத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே போங்கள் என்று நான் நண்பர்களிடம் சொல்வேன். தென்னகும்புர பாலத்தில் மகாவலியைத் தாண்டிப் போகும் ஏ26 வீதி, மஹியங்கனை வழியாகப் பதியத்தலாவை வரை போகிறது. நூறு கிலோமீற்றர் அளவில் முடிந்துவிடும் வீதி. நுவரெலியாவையும் எல்லவையும் தேடி ஓடுகிற உல்லாசப் பயணிகளில் பலர் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

எப்போது போவது என்பதை மழைதான் தீர்மானிக்கும். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில்தான் கொட்டித் தீர்க்கும். ஆடி, ஆவணியில் நிலைமை தலைகீழ். மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று, இந்தப் பக்கம் வெறும் காற்றாக இறங்கும். மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் காய்ந்த காற்று அது. மலைப் புல்வெளிகள் வைக்கோல் நிறமாகும். சிங்களத்தில் பத்தன என்று சொல்லும் அந்தப் புல்வெளிகளில், புதுப்புல் முளைக்கட்டும் என்று மாடு மேய்ப்பவர்கள் தீ வைப்பதுண்டு. காற்றடிக்கும் நாளில் அந்தத் தீ காட்டுக்குள் போய்விடும். ஒரு தீக்குச்சியைக்கூடக் கவனமில்லாமல் எறியாதீர்கள்.

இந்தப் பக்கத்துப் பாதைகளின் பழைய சொந்தக்காரர்கள் மாடுகள். கண்டி இராச்சியத்தில் வண்டி போகும் வீதி இருக்கவில்லை. கடலோரத்து உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகில் மலையேறின. மிளகும் பாக்கும் அதே முதுகுகளில் கீழே இறங்கின. வரிசையாகப் போகும் அந்த மாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். அரசனின் போக்குவரத்துப் பகுதியான மடிகே பத்த பெரும்பாலும் முஸ்லிம்களின் பொறுப்பில் இருந்தது. 1602இல் ஒல்லாந்துக் கப்பல் தலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, பிந்தன்னை வழியாக மலையேறி, கண்டியில் அரசன் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். பிந்தன்னை என்பது இன்றைய மஹியங்கனைப் பகுதி. 1626இல் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டிய முஸ்லிம்களைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியதாக வரலாறு சொல்கிறது. மலைக்கும் கிழக்குக் கரைக்கும் இடையில் மனிதர்கள் ஓயாமல் போய்வந்திருக்கிறார்கள்.

தென்னகும்புர பாலம் தாண்டியதும் வருவது குண்டசாலை. கண்டியின் கடைசிச் சிங்கள மன்னனான நரேந்திரசிங்கன் மாளிகை கட்டி வாழ்ந்த ஊர் இது. அவன் 1739இல் இறந்தபின்தான் நாயக்கர் வம்சம் அரியணை ஏறியது. இப்போது இங்கே விவசாயக் கல்லூரி இருக்கிறது. அடுத்த பல்லேகலையில் கிரிக்கெட் மைதானமும் சிறைச்சாலையும் இருக்கின்றன. நிற்க வேண்டிய இடம் திகணை.

மேய்ச்சல் நாட்டுப் பயணம் என்று கிளம்புகிறவர்களுக்கு இங்கேதான் அது தொடங்குகிறது. மில்கோவின் பால் தொழிற்சாலை திகணையில் இருக்கிறது. தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் மகாபெரியதென்ன பண்ணையும் இந்தப் பக்கம்தான். இந்த நாட்டின் பால் பெரிய பண்ணைகளில் மட்டும் கறக்கப்படுவதில்லை. தோட்டத்து லயத்துக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழே ஒரு பசு நிற்கும். கொழுந்து பறிக்கப் போகுமுன் ஒருத்தி அதைக் கறந்துவிட்டுப் போவாள். வீட்டுப் பிள்ளை கேனைத் தூக்கிக்கொண்டு பால் சேர்க்கும் இடத்துக்கு ஓடும். தேயிலைச் சம்பளத்தோடு அந்தப் பால் காசும் சேர்ந்துதான் பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு ஓடுகிறது.

2018 மார்ச்சில் திகணையும் தெல்தெனியவும் எரிந்தன. தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்துபோக, அதைச் சாட்டாக வைத்து முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தீயிடப்பட்டன. அரசு நாடெங்கும் அவசரகால நிலையைப் பிறப்பித்தது. மன்னருக்குத் தவளம் ஓட்டியவர்களின் சமூகத்துக்கு, அந்தப் பாதையிலேயே அந்த நாள் வந்தது. இந்த வீதியில் போகிறவர்கள் திகணையில் இறங்கி, ஒரு கடையில் தேநீர் குடித்து, கடைக்காரரோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

தெல்தெனியவில் வீதிக்குக் கீழே நீர் விரிகிறது. விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர், மின்சாரம் 210 மெகாவோட். பிரித்தானிய உதவியில் எழுந்து 1985 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் இந்த நீருக்கடியில் இருக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் மிச்சங்கள் வெளியே தெரியும்.

பிறகு ஏற்றம் தொடங்கும். மெதமகாநுவரவில் வேகத்தைக் குறையுங்கள். முன்னைய அரசர்கள் ஆபத்துக் காலத்தில் ஒதுங்கிய மலை இது. 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தபோது, கண்ணுசாமி என்ற பெயரில் பிறந்து 1798இல் முடிசூடிய ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் இந்தப் பக்கம் ஓடிவந்தான். பெப்ரவரி 18இல் போமுரே என்ற இடத்தில், தேவியரோடு மறைந்திருந்த வீட்டில் பிடிபட்டான். பிடிக்க வந்தவர்களில் அவனுடைய சொந்தக் குடிகளும் இருந்தார்கள். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. மன்னன் கொழும்புக்கும் பின் கடல்தாண்டி வேலூருக்கும் கொண்டுபோகப்பட்டு, 1832 ஜனவரியில் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவன் நினைவிடம் இருக்கிறது.

அவனைக் கொடியவனாகவே நம் பாடப்புத்தகங்கள் காட்டின. அவன் கையால் நடந்த கொலைகளை மறுக்க முடியாது. ஆனால் பிரதானிகளின் சதியையும் ஆங்கிலேயரின் பேராசையையும் விட்டுவிட்டு அவன் குணத்தை மட்டும் பேசுவது நேர்மையல்ல. வேலூர் போகும் ஈழத் தமிழர் பலர் மருத்துவமனைக்குப் போய்த் திரும்புகிறார்கள். மண்டபத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த மன்னனின் பயணத்துக்கு மறுமுனை அது.

ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் பிரியும் சிறு பாதை கோர்பெட்ஸ் கேப் தாண்டி மீமுரேக்கு இறங்கும். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நக்கிள்ஸ் காடுகள் அந்தப் பக்கம். அதற்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும். நாம் நேரே உடுதும்பறைக்குப் போவோம்.

உடுதும்பறை தாண்டியதும் மலை சட்டென்று முடிந்துபோகும். பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற இறக்கம் இதுதான். வீதியை அகலமாக்கியபோது ஒரு வளைவு குறைந்துவிட்டது என்பார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. மேல் வளைவில் நின்றால் மகாவலிச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் சூடேறி மணக்கும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தை மிக மோசமாகத் தாக்கியது. மலைகள் சரிந்து மனிதர்களையும் வீடுகளையும் கொண்டுபோயின. அதன்பிறகு இந்த மலைகளில் பயணத்திட்டம் என்றால் முதல் வேலை, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது. சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் போகவே கூடாது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் உடுதும்பறையில் நிறுத்தி, கீழிருந்து ஏறிவந்த பஸ் சாரதியிடம் பாதை எப்படி என்று கேளுங்கள். வரைபடத்தில் வராத செய்தி அவரிடம் இருக்கும்.

ஹசலகவில் இறங்கியதும் காற்று சூடாக முகத்தில் அடிக்கும். வயல்களும் வாய்க்கால்களும் எருமைகளும் வந்துவிடும். எருமைத் தயிர்ச் சட்டி கண்ணில் பட்டால் கித்துள் பாணியோடு ஒன்று வாங்குங்கள். மஹியங்கனையில் புத்தர் இலங்கைக்கு முதன்முதல் வந்த இடம் என்று மகாவம்ச மரபு சொல்லும் தாதுகோபம் இருக்கிறது. பாறையை வெட்டி மதகு வைத்த பழைய சொரபொர குளமும் இருக்கிறது. கிழக்கே கொஞ்ச தூரத்தில் தம்பானை, வேடுவர்களின் ஊர். அங்கே போனால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அவர்களுடைய வேட்டைக்காடுகளின் பெரும்பகுதி மகாவலித் திட்டத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் போய்விட்டது.

மீதி வீதி சமதரை. தலாவ என்றால் சிங்களத்தில் மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் புல்வெளி. பதியத்தலாவையின் பெயரிலேயே அந்த மேய்ச்சல் நிலம் இருக்கிறது. அங்கே ஏ26 முடிகிறது. சந்தியில் வலப்பக்கம் பிபிலை, இடப்பக்கம் மகாஓயா, செங்கலடி, மட்டக்களப்பு.